பேழையும் தறியும்

நுழையும்முன்

கல்லில் வடித்த கலை நெடுங்காலம் நிற்கும். துணியில் நெய்த கலை எளிதில் மக்கிவிடும். ஆயினும் தமிழகக் கடற்கரையிலிருந்து கப்பலேறிய துணிகளின் துணுக்குகள், முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் ஜப்பானில் நிறம் மாறாமல் இருக்கின்றன. அவற்றைச் சேகரித்தவர்கள் எதைப் பெரிதெனக் கருதினார்கள்? பட்டுக்குப் பெயர்பெற்ற காஞ்சிபுரம் அவர்களிடமிருந்து கற்கவேண்டியது எது? இவ்வினாக்களைச் சிந்திக்கத் தூண்டுகிறது இக்கட்டுரை.

இருவகை மதிப்பு

பழைய பட்டுப்புடவை ஒன்றை இருவகையாக மதிப்பிடலாம். ஒன்று, எடைபோட்டு மதிப்பிடுவது. மெல்லிய வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிப் பட்டு நூலின்மேல் சுற்றிப் பொன்முலாம் பூசினால் கிடைப்பதே அசல் சரிகை. ஆகவே, கிழிந்து நைந்த புடவையிலும் வெள்ளி இருக்கிறது. "பழைய பட்டுப்புடவை வாங்குவோம்" எனத் தெருத்தெருவாகக் குரல்கொடுத்து வருவோரும், கடைவீதியில் பலகை வைத்துக் காத்திருப்போரும் விலைகொடுப்பது அந்த வெள்ளிக்குத்தான். கரையும் முந்தானையும் வெட்டப்பட்டு நெருப்பில் இடப்படுகின்றன. பட்டு கரிந்து சாம்பலாகிறது, உலோகம் எஞ்சுகிறது.

மற்றொன்று, அந்தப் புடவையில் என்ன நெய்யப்பட்டிருக்கிறது என்று பார்த்து மதிப்பிடுவது. தாழம்பூ மடலின் முள்விளிம்பைப் போன்ற ரேக்கு, கோபுரக் கரை, மயில்கண், மல்லிமொக்கு, வைரஊசி, முத்துக்கட்டம், உருத்திராக்கம், யாளி, அன்னம், இருதலைப்பட்சி என ஒவ்வோர் உருவுக்கும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை அறிந்த கண்ணுக்கு, புடவை ஓர் ஓலைச்சுவடியைப் போல் படிக்கத்தக்கது.

முதல்வகை மதிப்பீட்டைச் செய்பவர்களைக் குறைகூறுவது எளிது. ஆனால் அது நேர்மையாகாது. மகளின் திருமணச் செலவுக்கும், மகனின் கல்விக் கட்டணத்துக்கும், எதிர்பாராத மருத்துவச் செலவுக்கும் பாட்டியின் புடவை கைகொடுத்த குடும்பங்கள் பல. வறுமை ஒரு பொருளை விற்கச் செய்யும்போது, விற்றவரைக் குற்றவாளியாக்க முடியாது. ஆனால், விற்கும் முன்பு அந்தப் புடவையைப் பற்றி எவரும் எதையும் குறித்துவைக்கவில்லை என்பதே இழப்பைப் பேரிழப்பாக்குகிறது.

கடல் கடந்த துணிகள்

சோழமண்டலம் என்னும் பெயரே ஐரோப்பியர் நாவில் 'கோரமண்டல்' எனத் திரிந்தது. பதினேழாம் நூற்றாண்டில் இக்கடற்கரையை நாடி வந்த வணிகர்கள் இங்கிருந்து பெரிதும் விரும்பி வாங்கிய பொருள் பருத்தித்துணியாகும். டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் 1613இல் கோட்டை கட்டினர். சதுரங்கப்பட்டினத்திலும் நாகப்பட்டினத்திலும் வணிகம் நடத்தினர். ஜப்பான் 1641 முதல் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக, ஐரோப்பியருள் டச்சுக்காரர்களை மட்டுமே வணிகத்திற்கு அனுமதித்தது. அவர்களும் நாகசாகித் துறைமுகத்தை ஒட்டிய தேஜிமா என்னும் சிறு செயற்கைத் தீவில்தான் தங்கவேண்டும். அந்தக் குறுகிய வாயில் வழியாகத் தென்னிந்தியத் துணிகள் ஜப்பானுக்குள் நுழைந்தன.

அத்துணிகள் காஞ்சிபுரத்தின் பட்டு அல்ல. கடற்கரை ஊர்களில் எழுதியும் அச்சிட்டும் சாயமேற்றிய பருத்தித்துணிகள். துணியைக் கடுக்காய்ச் சாற்றில் தோய்த்து, படிகாரக் கரைசலால் உரு எழுதி, சாயவேர் இட்ட நீரில் கொதிக்கவைத்தால் படிகாரம் பட்ட இடம் மட்டும் செந்நிறம் பற்றும். நீலத்திற்கு அவுரி பயன்பட்டது. துவைத்தாலும் மங்காத அந்தச் சிவப்பை ஜப்பானியர் வியந்தனர். இத்தகைய துணிகளை அவர்கள் 'சராசா' என்று அழைத்தனர். கோடுபோட்ட மற்றொரு வகைத் துணிக்கு 'சான்டோமே' என்று பெயர். அது மயிலாப்பூரை அடுத்த சாந்தோம் என்னும் ஊரின் பெயரே! துறைமுகத்தின் பெயர் துணியின் பெயராயிற்று. பின்னாளில் ஜப்பானிய நெசவாளர்களே அவ்வகைக் கோட்டுத்துணியைத் தங்கள் நாட்டில் நெய்யலாயினர்.

துணுக்கின் பெருமை

விலைமிகுந்த அத்துணிகளை முழுமையாக வாங்கி உடுத்த எல்லாராலும் இயலவில்லை. ஆகவே, ஒரு முழத் துணியும் போற்றப்பட்டது. ஒரு சாண் துணியும் வீணாக்கப்படவில்லை. சிறு துண்டுகள் புகையிலைப் பைகளாயின. அரிய பொருள்களைப் பொதியும் உறைகளாயின. தேநீர்ச் சடங்கில் பயன்படும் தேயிலைத்தூள் சிமிழுக்கு உறை தைக்கவும் அவை உதவின.

தேநீர்ச் சடங்கு என்பது ஜப்பானியரின் அழகுணர்ச்சிக்குப் பயிற்சிக்களமாக விளங்கியது. விருந்தினர் சிலர் ஒரு சிற்றறையில் அமர்வர். தேநீர் வழங்கப்படும். பின்னர், குடித்த கிண்ணத்தையும் சிமிழையும் அதன் துணியுறையையும் கையிலெடுத்துப் பார்த்து, அவற்றின் வரலாற்றைக் கேட்டறிவர். சென் நோ ரிக்யு (1522–1591) என்னும் தேநீர் ஆசான், பகட்டில்லாத எளிய கிண்ணத்திலும் பேரழகைக் காணலாம் எனக் காட்டியவர். உடைந்த கிண்ணத்தை அரக்கால் ஒட்டி, ஒட்டிய கோட்டின்மேல் பொற்பொடி தூவும் வழக்கமும் அங்கு உண்டு. விரிசலை மறைக்காமல், அதையும் அந்தக் கிண்ணத்தின் வரலாற்றில் ஒரு பகுதியாக ஏற்றுக்கொள்ளும் மனநிலை அது. இச்சடங்கு சென் பௌத்தத்தோடு நெருங்கிய தொடர்புடையது. அந்நெறியின் முதல் ஆசானாகப் போற்றப்படும் போதிதருமர் காஞ்சியிலிருந்து சென்ற இளவரசர் என்று ஒரு மரபு கூறுகிறது.

புகழ்பெற்ற துணித் துணுக்குகளுக்குத் தனித்தனிப் பெயர்சூட்டி, அவற்றை ஏடுகளில் ஒட்டிப் பாதுகாப்பதும் ஜப்பானியர் வழக்கமாயிற்று. ஹிகோனே என்னும் ஊரை ஆண்ட ஈயி குடும்பத்தினர் சேகரித்த ஏறத்தாழ 450 சராசாத் துணுக்குகள் இன்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. ஒருமுறை உடுத்திக் கழித்துவிடக்கூடிய துணி, அந்தக் குடும்பத்தாரின் பேழையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்கிறது.

இந்தப் பழக்கத்திற்கு இன்னும் பழைய வேர் உண்டு. நாரா நகரிலுள்ள தோதாய்ஜி கோயிலில் 752ஆம் ஆண்டு பெரும் புத்தர் சிலைக்குக் கண்திறப்பு விழா நடைபெற்றது. சிலையின் கண்ணை எழுதியவர், இந்தியாவிலிருந்து சென்ற போதிசேனர் என்னும் துறவி. சில ஆண்டுகளில் பேரரசர் ஷோமு மறைந்தார். அவர் பயன்படுத்திய பொருள்களை 756இல் பேரரசி கோம்யோ அக்கோயிலுக்கே அளித்தார். அவை ஷோசோயின் என்னும் மரக் கருவூலத்தில் வைக்கப்பட்டன. கண்திறப்பிற்குப் பயன்பட்ட தூரிகையும் அக்கருவூலப் பொருள்களுள் ஒன்று. ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தில் கருவூலம் திறக்கப்பட்டு, பொருள்கள் ஆய்வுக்கு உட்படுத்தப்படுகின்றன; அவற்றுள் சில மக்கள் பார்வைக்கும் வைக்கப்படுகின்றன.

காஞ்சி மக்களுக்கு இது புதிய செய்தியாகத் தோன்றாது. வரதராசப் பெருமாள் கோயில் குளத்தில் நீருக்கடியில் வைக்கப்பட்டிருக்கும் அத்திவரதர், 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே எழுந்தருள்கிறார். 1979இல் கண்டவர்கள் 2019இல் தம் பேரப்பிள்ளைகளை அழைத்துச்சென்று காட்டினர். அரியதை மறைத்துவைத்துக் காப்பதும், உரிய காலத்தில் எடுத்துக்காட்டுவதும் இவ்வூரின் பண்பாட்டிலேயே இருக்கின்றன. அந்தப் பொறுமை புடவைப் பெட்டிவரை வந்துசேரவில்லை.

இழந்து கற்ற பாடம்

ஜப்பானியர் எக்காலத்தும் தம் பழம்பொருள்களைப் போற்றினர் என எண்ணுவது பிழையாகும். 1868ஆம் ஆண்டின் ஆட்சி மாற்றத்திற்குப் பின்னர், மேலைநாட்டு முறைகளைத் தழுவும் வேகத்தில் பழையவை பல மதிப்பிழந்தன. பௌத்தக் கோயில்கள் ஆதரவிழந்தன. சிற்பங்களும் ஓவியங்களும் விலைக்கு வந்தன. ஒருகாலத்தில் எளிய மக்கள் சில்லறைக்கு வாங்கி மகிழ்ந்த மரக்கட்டை அச்சோவியங்கள், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சேகரிப்போரின் கைகளுக்குச் சென்றன. உயிரியல் கற்பிக்கச் சென்ற எட்வர்டு மோர்ஸ் என்னும் அமெரிக்கர் ஆயிரக்கணக்கான மட்கலங்களைச் சேகரித்தார். அத்தொகுப்பு 1892இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.

இந்நிலை கண்டு வருந்தியவர்களுள் ஒருவர் ஒகாகுரா காகுசோ (1863–1913). நாட்டின் பழங்கலைகளைப் பட்டியலிட்டுக் காக்கும் பணியில் அவர் ஈடுபட்டார். பழைய கோயில்களைக் காப்பதற்கான சட்டம் ஜப்பானில் 1897இல் வந்தது. அவரே பின்னர் பாஸ்டன் அருங்காட்சியகத்தின் கீழைக்கலைப் பிரிவை வளர்த்தெடுத்தார். இடையில் இந்தியாவுக்கும் வந்து, விவேகானந்தரையும் தாகூரையும் சந்தித்தார்.

ஒகாகுரா வளர்த்த அதே பாஸ்டன் அருங்காட்சியகத்தில் 1917இல் பணியேற்றார் ஒரு தமிழர். அவர் ஆனந்த குமாரசுவாமி (1877–1947). கொழும்பில் பிறந்தவர், சர் முத்து குமாரசுவாமியின் மைந்தர். நிலவியல் அறிஞராக இலங்கையின் ஊர்களில் சுற்றியபோது, கைவினைஞர்களின் தொழில் நலிவதைக் கண்டு அவர்கள் பக்கம் திரும்பினார். கருவிகளையும் உருவங்களையும் தொழில்முறைகளையும் குறித்துவைத்து, 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலை வெளியிட்டார். அவர் சேகரித்த இந்தியக் கலைப்பொருள்கள் பாஸ்டனுக்குச் சென்றன. துணிகளுக்கெனத் தனி நிறுவனம் ஒன்று வேண்டும் என அவர் கூறிய கருத்து, கௌதம் சாராபாய், கீரா சாராபாய் ஆகியோர் 1949இல் அகமதாபாத்தில் காலிகோ அருங்காட்சியகத்தை அமைக்கத் தூண்டுதலாயிற்று.

ஜப்பானில் யனாகி சோயெத்சு (1889–1961) என்பவர் மேலும் ஒருபடி சென்றார். அரசர் பொருள்களை மட்டுமே கலையெனச் சேகரிப்பது ஏன் என்று அவர் வினவினார். பெயரறியாத கைவினைஞர் நாள்தோறும் பயன்படுத்துவதற்காகச் செய்த கிண்ணமும் கூடையும் போர்வையும் கலைப்பொருள்களே என்றார். அவற்றுக்கென டோக்கியோவில் 1936இல் நாட்டார் கைவினை அருங்காட்சியகத்தைத் திறந்தார். அதே 1936இல்தான் சென்னையில் ருக்மிணிதேவி அருண்டேல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டிலேயே அங்கு நெசவுக்கூடமும் அமைந்தது. பழைய புடவைகளிலிருந்து கரைகளையும் உருக்களையும் வண்ணச் சேர்க்கைகளையும் தேடியெடுத்து, மீண்டும் தறியேற்றும் பணி அங்கே நடந்தது.

பழைய புடவை கற்பிப்பது

ஒரு பழைய காஞ்சிப் பட்டுப்புடவையின் கரையையும் உடலையும் இரு விரல்களால் பற்றி எதிரெதிராக இழுத்தாலும் அவை பிரிவதில்லை. காரணம் கோர்வை என்னும் நெசவுமுறை. கரைக்கு ஒரு நிறம், உடலுக்கு வேறு நிறம் எனத் தனித்தனிப் பாவுகள் ஓட, இருபுறக் கரைகளுக்கும் உடலுக்குமாக மூன்று ஓடங்கள் இயங்கும். நெசவாளர் ஒருபுறமும் உதவியாளர் ஒருபுறமும் இருந்து, ஒவ்வோர் ஊடையையும் மற்றதோடு கோத்து நெய்வர். முந்தானை வேறு நிறமாயின், பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதிய பாவின் இழையைப் பிணைப்பர். இதற்குப் பெட்னி என்று பெயர். இணைந்த இடத்தில் மெல்லிய வரி ஒன்று தெரியும். அந்த வரியே கைவேலையின் சான்று.

துளையிட்ட அட்டைகளைக் கொண்ட ஜக்கார்டு கருவி பரவுவதற்கு முன்பு, உருவைத் தறியில் நிலைநிறுத்த 'அடை' கட்டினர். எந்த ஊடைக்கு எந்தப் பாவு இழைகள் உயரவேண்டும் என்பதை நூல்முடிச்சுகளாகவே கட்டிவைக்கும் முறை அது. அடையை அவிழ்த்துவிட்டால் அந்த உரு தறியிலிருந்து மறைந்துவிடும். அதன்பின் அதற்கு மிஞ்சும் ஒரே நகல், நெய்து முடித்த புடவைதான். அந்தப் புடவையும் நெருப்பில் இடப்பட்டால், உருவை மீட்க வழியில்லை. எரிந்தது ஒரு குடும்பத்தின் உடைமை என்றாலும், அழிந்தது ஓர் ஊரின் நூலகத்திலிருந்த ஒற்றைப்படி நூல்.

இதனை உணர்ந்த முயற்சிகள் இல்லாமலில்லை. இந்திய அரசு 1956 முதல் நெசவாளர் சேவை மையங்களைத் தொடங்கியது. காஞ்சிபுரத்திலும் அத்தகைய மையம் இயங்குகிறது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடு ஒன்று காட்சிக்கு இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டு 2005ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. ஆனால் புவிசார் குறியீடு, பெயரைப் பிறர் தவறாகப் பயன்படுத்தாமல் காக்கும். மறந்துபோன உருவை நினைவூட்டாது. நினைவூட்டும் பணியைச் சேகரிப்புத்தான் செய்யவேண்டும்.

பேழையா, தறியா?

இங்கே ஓர் ஐயம் எழலாம். புடவைகளைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துவிட்டால் கலை வாழ்ந்துவிடுமா? தறியில் அமர்பவர் இல்லாதபோது, பேழையில் இருப்பது வெறும் நினைவுச்சின்னந்தானே? நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் தொழிற்சாலைகளையும் அலுவலகங்களையும் நாடிச் செல்லும் இக்காலத்தில் இது நியாயமான ஐயமே.

இதற்கும் ஜப்பானிலிருந்தே விடை தேடலாம். ஈசே என்னுமிடத்தில் உள்ள பெருங்கோயில் 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுவதும் புதிதாகக் கட்டப்படுகிறது. ஏழாம் நூற்றாண்டில் தொடங்கிய இவ்வழக்கம், போர்க்காலங்களில் தடைப்பட்டும் மீண்டும் தழைத்து, 2013இல் 62ஆம் முறையாக நிகழ்ந்தது. கட்டடத்தோடு தெய்வத்திற்குரிய ஆடைகளும் அணிகளும் கருவிகளும் பழைய முறைப்படியே புதிதாகச் செய்யப்படுகின்றன. இருபது ஆண்டு இடைவெளி காரணமின்றி அமையவில்லை. ஒருமுறை உதவியாளராக இருந்த இளைஞர், மறுமுறை தலைமைக் கைவினைஞராக நின்று அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்க அது இடம்தருகிறது. நாராவின் கருவூலம் பொருளைக் காக்கிறது. ஈசேயின் கோயில் கைத்திறனைக் காக்கிறது. ஒரே நாடு இவ்விரண்டையும் செய்கிறது.

காஞ்சிக்கும் இவ்விரண்டும் தேவை. பேழையில் பழைய உரு இருந்தால்தான் தறியில் அது மீண்டும் ஏறும். தறி இயங்கினால்தான் பேழையில் இருப்பதன் அருமை விளங்கும். மறந்துபோன ஒரு கரையை மீண்டும் நெய்து தருமாறு கேட்பவர் இருந்தால், அதை நெய்பவருக்கு உரிய கூலி கிடைக்கும். கூலி கிடைத்தால் தொழிலில் நிலைப்பவர் இருப்பர். ஆகவே, சேகரிப்பு என்பது செல்வர்களின் பொழுதுபோக்கு என்ற அளவில் நின்றுவிடுவதில்லை. உழைப்பவரின் பிழைப்போடும் அதற்குத் தொடர்புண்டு.

பதிவுசெய்யும் கைகள்

அருங்காட்சியகம் அமைக்க அரசும் அறக்கட்டளைகளும் வேண்டும். ஆனால் ஒரு புடவையைப் பதிவுசெய்ய ஒரு மாணவர் போதும். வீட்டுப் பெட்டியிலுள்ள பழைய புடவையை வெளிச்சமான இடத்தில் விரித்து, முன்புறமும் பின்புறமும் ஒளிப்படம் எடுக்கலாம். கரையின் அகலத்தை அளந்து எழுதலாம். எந்தத் திருமணத்திற்கு, எந்த ஆண்டில் எடுத்தது, யார் நெய்தது, அந்த உருவுக்குப் பாட்டி சொல்லும் பெயர் என்ன என்பவற்றைக் குறிக்கலாம். துவைத்த பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைத்தல், சில திங்களுக்கு ஒருமுறை நிழலில் காற்றாட விடுதல், ஒரே மடிப்பில் சரிகை முறியாதபடி மடிப்பை மாற்றுதல் ஆகிய எளிய முறைகளே துணியின் ஆயுளை நீட்டிக்கும். பின்னொருநாள் அந்தப் புடவையை விற்கும் நிலை வந்தாலும், அதன் உருவும் பெயரும் குறிப்பேட்டில் எஞ்சியிருக்கும்.

ஹிகோனேத் துணுக்குகள் இத்தனை காலம் காக்கப்பட்டும், அவற்றில் ஒரு குறை உண்டு. அவற்றைச் சேகரித்த குடும்பத்தின் பெயர் நிலைத்திருக்கிறது. சாயவேர் கொதிக்கும் கலத்தருகே நின்று அந்தத் துணிகளை உருவாக்கியவர்களின் பெயர்கள் கிடைக்கவில்லை. கேட்டுச் சொல்ல இப்போது எவரும் இல்லை. காஞ்சியின் நிலை அவ்வாறில்லை. பிள்ளையார்பாளையத்துத் திண்ணைகளில், 'இந்தக் கரைக்கு அடை கட்டியவர் இன்னார், இதை நெய்தவர் என் மாமனார்' என்று சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்பதற்கு வேண்டியவை ஒரு குறிப்பேடும் ஒரு மாலைப்பொழுதும் மட்டுமே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ உள்ள பழைய துணி, கலம், கருவி ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அதனைப் பயன்படுத்தியவரிடம் செய்திகளைக் கேட்டு ஒருபக்க அளவில் பதிவுசெய்க.

2. உங்கள் பகுதியில் வழங்கும் நெசவு, வனைதல், பாய் முடைதல் போன்ற தொழில்களுள் ஒன்றன் கலைச்சொற்களைத் திரட்டிப் பொருளுடன் அட்டவணைப்படுத்துக.

3. 'பழம்பொருளைக் காப்பதா, கைத்திறனைக் காப்பதா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.